இருமும் பிள்ளையும் வரவுப் பரிசும்

விழா மலர் என்றால் வாழ்த்துப் பாக்களும், மறைந்த ஆசிரியர்தம் நினைவுகளும், பந்தாட்டக் குழுவின் பழைய வெற்றிகளும் நிறைந்து மணப்பதே மரபு. அம்மரபின் நடுவே தடிமனையும் இருமலையும் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று பழைய மாணவ அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆயினும், கல்லூரியை விட்டு நீங்கிக் குச்சவெளிக் கரையிலே தமிழ் கற்பிக்கும் தொழிலில் ஆண்டு பல கழித்துவிட்ட எமக்கு, நாள்தோறும் இலக்கண பாடத்தோடு போட்டியிட்டு நிற்பது இருமலே. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து மூவின இருமலும் எழுந்துவிடும். ஆதலின் இப்பொருள் பற்றிப் பேச எமக்கும் ஓரளவு உரிமை உண்டு. நாம் மருத்துவர் அல்லேம். மருந்து கூறவும் வந்திலேம். சுவாச நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவரை எவ்வாறு அடைகின்றன, எவரை எளிதிற் பற்றுகின்றன, அவற்றுக்கு நாமே எங்ஙனம் வாயில் திறந்து வைத்திருக்கின்றோம் என்பன பற்றியே சில சொல்ல விழைகின்றோம். இறுதியில், பரிசளிப்பு விழாவுக்குரிய ஒரு பழைய வழக்கத்தை நிறுத்தும்படி கேட்கவும் எண்ணியுள்ளோம்.

நமது ஊர்களில் தடிமனுக்குக் காரணம் கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கும். மழையில் நனைந்தான், தலை துவட்டவில்லை, பனியில் படுத்தான், வெள்ளரிப்பழம் தின்றான். நோயுற்றவன் செய்த ஏதோ ஒரு பிழையே நோயாக வந்தது என்பதில் எல்லோருக்கும் ஒரு மன நிறைவு. இக்கொள்கையைச் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். இங்கிலாந்தில் சோல்ஸ்பரி நகரை அடுத்து 1946 ஆம் ஆண்டு முதல் 1989 ஆம் ஆண்டு வரை தடிமனை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. உணவும் உறையுளும் பெற்றுச் சில நாள் தங்க முன்வந்த தொண்டர்களிற் சிலரைக் குளிப்பித்து, ஈரம் துடைக்காமலே காற்று வீசும் நடைபாதையில் நிற்க வைத்தனர். ஈரக் காலுறையோடு நடமாடவும் விட்டனர். பாவம், அவர் நடுங்கியதன்றி, கிருமி சேராதவரைத் தடிமன் அவரை அணுகவில்லை. உடலினுள் முன்னரே நுழைந்துவிட்ட கிருமிக்குக் குளிர் துணைபோகுமோ என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. குளிர் மட்டும் தனியே நின்று தடிமனைப் பெற்றெடுப்பதில்லை என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் மாரி காலத்தில் வகுப்பறை முழுதும் இருமுவது ஏன்? எமது கரையில் ஐப்பசி தொடங்கித் தை வரையும் வடகீழ்ப் பருவமழை பொழியும். சாரல் உட்புகாதபடி யன்னல்கள் அடைபடும். திண்ணையில் உறங்கியவர் அறைக்குள் வருவர். ஓரறையில் நால்வர் படுத்த வீட்டில் எழுவர் படுப்பர். பிள்ளைகள் மைதானத்தை விட்டு மண்டபத்தில் அடைவர். கிருமி வேண்டுவது இதுவே. காற்றுக்குப் பெயரிடுவதில் தமிழரைப் போன்ற செல்வர் வேறெவரும் இலர் எனலாம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றோடு சோளகம், கச்சான் என்பனவும் எமது கரையோர் வழக்கில் உண்டு. இத்துணைப் பெயர் சூட்டி அழைத்த காற்றுக்களில் ஒன்றையேனும் நாம் இன்று வீட்டினுள் விடுவதில்லை.

நோய் பரவும் முறையைப் பற்றி முன்னர் ஒரு கருத்து நிலவியது. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் மூன்றடி தொலைவுக்குள் விழுந்துவிடும். ஆதலின் அவ்வளவு விலகி நின்றாற் போதும் என்றனர். அது முழு உண்மையன்று என்பதைக் கொவிட்-19 உலகுக்குக் கற்பித்தது. பேசும்போதும் பாடும்போதும், ஏன், வாளா மூச்சு விடும்போதும், கண்ணுக்குப் புலப்படாத நுண்டுளிகள் வெளிப்பட்டுச் சுருட்டுப் புகைபோல் அறையிற் சுற்றி நிற்கும். அடைத்த அறையில் ஒருவர் சுருட்டுப் பிடித்தால் மறு மூலையில் இருப்பவர் மூக்கைப் பொத்துவாரன்றோ? அப்புகை எங்கெல்லாம் எட்டுமோ அங்கெல்லாம் அந்நுண்டுளியும் எட்டும் என்று கொள்க. 2020 மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து ஸ்கஜிற் என்னும் பகுதியில் 61 பேர் கூடி இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தனர். அவருள் ஒருவருக்கு முன்னரே நோய்க்குறி இருந்தது. பின்னர் 53 பேர் நோயுற்றனர் எனக் கணித்தனர், இருவர் இறந்தனர்.

இதனினும் எமக்கு நெருக்கமாகத் தோன்றுவது 1977 ஆம் ஆண்டில் அலாஸ்காவில் நிகழ்ந்தது. பழுதுற்று நிலத்தில் நின்ற ஒரு விமானத்தில் 54 பேர் இருந்தனர். காற்றோட்டக் கருவி சில மணி நேரம் இயங்கவில்லை. இன்புளுவென்சாக் காய்ச்சலோடு இருமிக்கொண்டிருந்தவர் ஒருவரே. மூன்று நாளைக்குள் நூற்றுக்கு 72 பேர் காய்ச்சலில் விழுந்தனர். விமானத்தை நாம் கண்டது வானத்தில் மட்டுமே. ஆனால் மாரி காலத்தில் திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிப் புறப்படும் பஸ் வண்டியை நன்கு அறிவோம். நிலாவெளி தாண்டுமுன் மழை பிடிக்கும். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக அடைபடும். நிற்போர் மூச்சு இருப்போர் தலைமேல் விழும். குச்சவெளிக்கு இருபது மைலுக்குச் சற்று மேல். அதில் ஒருவர் இருமினால், கண்ணாடியை நாலு விரல் அளவு திறந்துவிடுங்கள் என்று நடத்துநரைக் கேட்கும் துணிவு எம்மில் எத்தனை பேருக்கு உண்டு? நனைந்த தோளோடு இறங்குவது நாணத்துக்குரியதாகத் தோன்றுகின்றது. காய்ச்சலோடு இறங்குவது விதியாகத் தோன்றுகின்றது.

பழைய கட்டடங்களை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. உயர்ந்த முகடும், எதிரெதிரே அகன்ற யன்னல்களும், முன்னும் பின்னும் விறாந்தையும் உடைய பழைய மண்டபங்களை இன்று பலரும் பழமை என்று ஒதுக்குகின்றனர். தென்னமெரிக்காவின் லீமா நகரிலுள்ள மருத்துவமனைகளை ஆராய்ந்த அறிஞர் 2007 இல் வெளியிட்ட முடிவு அவர்தம் காதில் விழவேண்டும். உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் உடைய பழைய விடுதிகளில், யன்னல்களைத் திறந்து வைத்தபோது காற்று மாறிய வேகம், இயந்திரத்தால் காற்றூட்டப்பட்ட புதிய அறைகளை விடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. சயரோகம் தொற்றக் கூடிய வாய்ப்பும் அதற்கேற்பக் குறைவெனக் கணித்தனர். குளிரூட்டி பொருத்தி யன்னலைப் பூட்டிய அறை குளிர்ந்திருக்கும். அங்கே சுற்றுவது பெரும்பாலும் அதே மூச்சுத்தான். விழா நினைவாகக் கட்டடம் எழுப்ப எண்ணும் அன்பர்கள், குறிப்பாகக் கடல் கடந்து வாழ்ந்து பொருள் அனுப்புவோர், இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்காற்று இலவசமாக வீசும் ஊரில் அதனைத் தடுப்பதற்கு மின்கட்டணம் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்பது எமக்கு விளங்கவில்லை. நாம் படித்தது தமிழ். கணக்கில் வல்லோர் விளக்கினால் கேட்டுக்கொள்வோம்.

வீட்டின் கதை வேறு. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரையில் எத்தனையோ குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தன. போர்க்கால முகாம்களும் அவ்வாறே. கட்டித் தந்த வீடுகளும் பெரும்பாலும் இரண்டறையும் சிறு யன்னலும் உடையன. சோளகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து தொழிலுக்கு வருவோர் வாடிகளில் பலர் ஒருங்கே உறங்குவர். நெருக்கம் வறுமையின் மறுபெயர். விலகி வாழுங்கள் என்று ஓரறை வீட்டாருக்கு உபதேசிப்பவரை நாம் மதிப்பதில்லை.

எனினும் அவ்வறையில் நாமே நிரப்பும் புகையைக் குறைக்கலாம். 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகால் சமைத்தன. 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாது போனபோது, விறகை மறந்தவரும் அடுப்படிக்கு மீண்டனர். அடுப்புப் புகையைச் சுவாசிக்கும் சிறு பிள்ளைகளுக்கு நியுமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. அடுப்படியில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையே அதிகம் சுவாசிப்பது. புகையிலைப் புகையும் அத்தகையதே; பிடிப்பவரையும் கெடுக்கும், அருகிருப்பவரையும் கெடுக்கும். நுளம்புத் திரியைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. அடைத்த அறையில் ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 வெண்சுருட்டுக்களின் புகையிலுள்ள துகளுக்கு நிகர் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. டெங்குக்கு அஞ்சித் திரி கொளுத்துவோரை நாம் நகையாடவில்லை. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நுளம்பு வலை ஒன்று இரு நோய்க்கும் காவல். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகைமேல் பிடிக்கும் ஆச்சிமாரிடம் இதனைச் சொல்லப் புகுந்தால் எமக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிவோம். ஆயினும் சொல்லி வைக்கின்றோம்.

எல்லோருக்கும் தடிமன் வரும். எல்லோருக்கும் அது தடிமனாகவே முடிவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, நிறை குறைந்து பிறந்த குழந்தை, தாய்ப்பால் போதியளவு பெறாத குழந்தை, ஊட்டம் குன்றிய பிள்ளை, முதியோர், நீரிழிவும் ஈளையும் இருதய நோயும் உடையோர், கருவுற்ற தாய்மார் ஆகியோரை அது நெஞ்சுக்குள் இறங்கி வருத்தும். 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நியுமோனியாவால் இறந்தன. நம் நாட்டில் இவ்வெண்ணிக்கை பெரிதன்று என்றால், அதற்கு முதற் காரணர் வீடு வீடாகச் செல்லும் மருத்துவ மாதுக்களே. பிறந்தவுடன் சயரோகத்துக்கான ஊசியும், இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் கக்குவான், தொண்டைக்கரப்பான் முதலியவற்றுக்கான ஊசியும், ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்துக்கான ஊசியும் தவறாது கிடைக்கின்றன. அவர்தம் பெயர் எந்த மலரிலும் வருவதில்லை. சயரோகம் வேறு வகையினது. பஸ் வண்டியில் ஒருமுறை அருகிருந்ததால் பெரும்பாலும் வராது. ஒரே கூரையின் கீழ் நெடுநாள் உடனுறைவோரையே பற்றும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடிப்பின் சளியைச் சோதிக்க வேண்டும். சோதனையும் மருந்தும் அரசாங்க மார்பு நோய் நிலையங்களில் இலவசம். அங்கே போவதை மறைப்பவரே இன்றும் பலர்.

இன்னொரு செய்தி எமது தொழிலைத் தொடுகின்றது. அமெரிக்க அறிஞர் செல்டன் கோகன் என்பாரும் அவர்தம் குழுவினரும் நலமுள்ள தொண்டர்களின் மூக்கில் தடிமன் கிருமியை இட்டு, எவருக்கு நோய் வருகின்றது என்று பார்த்தனர். இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியோருக்கு, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் உறங்கியோரைவிடத் தடிமன் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு என 2009 இல் வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்காக விடியுமுன் எழுப்பப்பட்டு, பாடசாலை முடிந்தவுடன் ரியூசன் கொட்டகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருத்தப்பட்டு, இரவு பத்து மணிக்கும் பயிற்சிப் புத்தகத்தோடு தூங்கி விழும் பத்து வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். நெருக்கம், அடைத்த காற்று, உறக்கமின்மை, மன உளைச்சல் என்னும் நான்கையும் ஒரு பிள்ளையின் தலையில் ஒருங்கே சுமத்த வேண்டுமாயின், இதனினும் சிறந்த ஏற்பாடு ஒன்றை எமக்குச் சிந்திக்கத் தெரியவில்லை. அதே கோகன் குழுவினர் 1997 இல் மற்றொன்றும் கண்டனர். உறவும் நட்பும் பல வகையாய் உடையோருக்குத் தடிமன் குறைவாகவே வந்தது. ஆதலின் நோய்க்கு அஞ்சிச் செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாதொழிய வேண்டா. காய்ச்சலோடு மட்டும் போகாதிருப்போம். போனால் முற்றத்துப் பந்தலில் இருப்போம்.

காய்ச்சலோடு வெளிக்கிடாதீர் என்பது சொல்ல எளிது. தொற்று எவ்வழியாய்ப் பயணஞ் செய்கின்றது என்பதை 2020 ஒக்டோபரில் கண்டோம். பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் பரவியது, சந்தை மூடப்பட்டது. அதற்குள் மீன் வியாபாரிகளோடு அது தீவின் பல மூலைகளுக்கும் போயிற்று. கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று வரை வந்தது. உடனே மீனை வெறுத்தனர், மீனவரை வெறுத்தனர். மீன் என்ன செய்யும்? அன்றைக்கு உழைத்தாலன்றி அன்றைக்கு உணவில்லாதவன் இருமிக்கொண்டும் சந்தைக்குப் போவான். ஓய்வெடுக்க இயலாமையும் நோய்க்குக் காரணங்களில் ஒன்று. மருத்துவ நூல்கள் அதனைச் சற்றுப் பின்னே எழுதுகின்றன, நாம் முன்னே எழுதுவோம். 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா இந்நாட்டில் ஏறத்தாழ 3,07,000 உயிர்களைக் கொண்டதெனவும், அது அன்றைய குடித்தொகையில் நூற்றுக்கு 6.7 எனவும் 2014 இல் ஒரு கணிப்பு வெளியாயிற்று. இதனினும் மிகக் குறைத்துக் கூறும் கணிப்புக்களும் உண்டு. எதுவாயினும், அன்று ஓய்வெடுக்க இயன்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதே எமக்கு எழும் வினா.

கூலிக்காரனுக்கு ஓய்வளிக்க எம்மால் இயலாது. பிள்ளைக்கு ஓய்வளிக்க இயலும், அளிக்க மறுக்கின்றோம். நமது பாடசாலைகளில் ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாது வந்த மாணாக்கனுக்குப் பரிசளிப்பு விழாவில் வரவுப் பரிசு வழங்குவது நெடுநாள் வழக்கம். பத்து மாதம் ஒருநாளும் தவறாத பிள்ளை பதினோராம் மாதத்தில் காய்ச்சலில் விழுந்தால் என்ன நிகழும்? தாய் ஒரு பரசிற்றமோல் கொடுத்து அனுப்புவாள். பிள்ளை மேசையில் தலை கவிழ்ந்து கிடக்கும். இடாப்பில் வரவு விழும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் அடுத்த கிழமை பத்துக் கதிரை வெறுமையாகும். அப்பத்துப் பேரின் வீடுகளில் தவழும் தம்பி தங்கையரும் சுருண்டு கிடக்கும் அம்மம்மாமாரும் இருப்பர். இன்புளுவென்சா உற்றவர் நோய்க்குறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்னரே தொற்றத் தொடங்குவர் என்பது உண்மை. ஆதலின் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதால் எல்லாம் நின்றுவிடாது. எனினும் முதல் மூன்று நான்கு நாளே மிகுதியாகத் தொற்றும் காலம். அந்நாட்களில் பிள்ளையை வரவழைப்பதற்கு நாம் வெள்ளிக் கிண்ணமும் தருகின்றோம் என்பதுதான் விந்தை.

இதற்கு மறுப்பு உண்டு. அப்பரிசு ஒழுங்கை வளர்க்கின்றது என்பர். எமக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் ஒழுங்கற்ற பிள்ளை எதுவும் அதற்காகத் திருந்தி நாம் கண்டதில்லை. மற்றொரு மறுப்பு வலியது. தகப்பன் கடலில், தாய் கூலி வேலையில். பிள்ளையை வீட்டில் விட்டால் பார்ப்பார் யார்? மதிய உணவு பாடசாலையில் அன்றோ கிடைக்கின்றது? இதற்கு எம்மிடம் முழு விடையில்லை. விறாந்தையில், காற்றுப்படும் ஓர் ஓரத்தில், நோயுற்ற பிள்ளைக்கென ஒரு வாங்கும், முகக்கவசமும், சுடுநீரும், உணவுப் பங்கும் வைக்கலாம் என்பதே எமது சிறு யோசனை. ஒரு லேஞ்சியும் சேர்ந்தால் நன்று. அத்தோடு வாயிலருகே தண்ணீர்க் குழாய் நான்கும் சவர்க்காரமும் வேண்டும். முறையாகக் கைகழுவினால் சுவாச நோய்கள் நூற்றுக்கு 16 முதல் 21 வரை குறையும் என்று கணித்திருக்கின்றனர். குளிரூட்டி ஒன்றின் விலையில் எத்தனை குழாய் வைக்கலாம் என்பதைப் பொருளாளர் கணித்துச் சொல்வாராக.

எதிர்வரும் பழைய மாணவர் சங்கப் பொதுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுத்து மூலம் சமர்ப்பிக்க உள்ளோம். வரவுப் பரிசை நிறுத்தி, அந்நிதியைக் குழாய்களுக்கும் விறாந்தை வாங்குகளுக்கும் மாற்றுவது ஒன்று. விழா நினைவுக் கட்டடம் எதுவாயினும் ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே திறக்கும் யன்னல் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்மொழிய நாம் உளோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டம் நடைபெறும் அறையின் யன்னல்களைத் திறந்து வைக்குமாறும் செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.